அக்கா சிலோன்காரி ஆனாள்

தலைமன்னார் இறங்குதுறையில் வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, "என்ன அலுவலா வந்தனீங்கள்?" என்று கேட்டார். அலுவல் என்றால் உத்தியோகம் என்று நினைத்து, "மதுரையில ஆஸ்பத்திரி நர்ஸ்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதில்லைப் பிள்ளை. இஞ்ச ஏன் வந்தனீங்கள் எண்டு கேட்டனான்."

"எங்க அக்காவுக்குப் பிரஜாவுரிமை குடுக்கறாங்க. பாக்க வந்தேன்."

"இஞ்ச வாறவை தங்களுக்குத் தாங்கோ எண்டு கேட்டுத்தான் வருவினம். பாக்க வந்த ஆள் நீங்கள்தான்" என்று சொல்லி, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

என் அக்கா பாக்கியம் இலங்கைக்குப் போனது கல்யாணத்தால். இராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு முன்பக்க அறைகளை இராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்கு விடுவோம். திருகோணமலையிலிருந்து வந்த ஒரு குடும்பம் மழையில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் தங்கியது. அந்த வீட்டுப் பையன் கனகரத்தினம் ஏழு நாளும் பேசியது ஏழு வார்த்தை இருக்கும். எட்டாம் நாள் அவருடைய அம்மா வந்து பெண் கேட்டார். அந்தக் காலத்தில் இராமநாதபுரத்துக்குத் திருகோணமலை ஒன்றும் தூரமில்லை. தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கினால் கப்பல் நிற்கும். அக்கரையில் கப்பலை விட்டு இறங்கினால் ரயில் நிற்கும்.

அதன் பிறகுதான் தூரம் வந்தது. சட்டங்கள் மாறின. அக்கா இந்தியக்காரி என்பதால் அங்கே தங்க அனுமதி வாங்க வேண்டும், வாங்கியதைப் புதுப்பிக்க வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்ட பிறகு நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்பதற்கு யாரும் உறுதி சொல்லவில்லை. அங்கே புருஷன், இரண்டு பெண் பிள்ளைகள். அக்கா நகரவில்லை. அப்பா இறந்தபோதும் அவளால் வர முடியவில்லை.

"நீ போ. அவ என்னதான் ஆகப்போறான்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்று அம்மா என்னை அனுப்பினாள். கூடவே ஒரு அரக்குச் சுங்குடிச் சேலையும் கொடுத்தாள். "எந்த ஊர்க்காரியா வேணா ஆகட்டும். கட்டிக்கிட்டுப் போறது நம்மூர்ச் சேலையா இருக்கட்டும்."

திருகோணமலையில் முதலில் என் கண்ணில் பட்டது மான்கள்தான். நம் ஊரில் ஆடுகள் தெருவில் திரிவதுபோல அங்கே புள்ளிமான்கள் திரிகின்றன. ஒரு கடைக்காரர் வாழைப்பழத் தாரை மானிடமிருந்து இழுத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மான் விடவில்லை. கடைக்காரரும் விடவில்லை. வேடிக்கை பார்க்க ஒருவரும் நிற்காததிலிருந்து இது அங்கே அன்றாடச் சண்டை என்று புரிந்தது.

அக்கா வீடு ஆலங்கேணியில், கிண்ணியாவுக்கு அப்பால். பஸ்ஸில் சீனன்குடா வந்ததும் ஒரு பெரியவர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். மரங்களுக்கு நடுவே யானைக் கூட்டம்போல வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தொட்டிகள். அத்தானுக்கு அங்கேதான் வேலை, பம்புகளைப் பார்த்துக்கொள்வது. "அங்கால கிட்டப் போக ஏலாது. கமெராவும் எடுக்க ஏலாது" என்று பெரியவர் எச்சரித்தார். என்னிடம் இருந்த ஒரே கருவி மாவு சலிக்கும் சல்லடை. அக்கா கேட்டு எழுதியிருந்தாள்.

கொஞ்ச தூரம் போய் பஸ் தண்ணீருக்கு முன்னால் நின்றது. கண்டக்டர், "இனிப் பாதையில ஏறவேணும்" என்றார். இவ்வளவு நேரம் பாதையில்தானே வந்தோம் என்று நான் விழித்தேன். அங்கே பாதை என்றால் தண்ணீரில் மிதக்கும் பெரிய பலகை மேடை. வடத்தைப் பிடித்து இழுத்து இழுத்து அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். பஸ், இரண்டு மாட்டு வண்டி, தயிர்ச் சட்டிகள், நாங்கள் எல்லோரும் அதில் ஏறினோம். நடுத் தண்ணீரில் ஒரு மாடு மிரண்டதும் ஆளுக்கு ஒரு சத்தம் போட்டார்கள். மாட்டுக்காரர் மட்டும், "ஒண்டுமில்லை, அதுக்கும் நீந்தத் தெரியும்" என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார்.

அக்கரையில் அக்கா நின்றாள். கொஞ்சம் பருத்திருந்தாள். என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்து நான் ஏற்கெனவே அழுதுகொண்டு இறங்கினேன். அவளோ என் சல்லடையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். "உந்தச் சல்லடையை ஏன்டி தலையில கவிழ்த்திருக்கிறாய்?" வெயிலுக்காக வைத்திருந்தேன். எனக்கு மறந்தே போய்விட்டது.

அக்காவின் சிரிப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், பின்னால் நடந்ததற்கெல்லாம் அது முக்கியம். கவலைப்படவேண்டிய இடத்தில், பயப்படவேண்டிய இடத்தில் அக்காவுக்குச் சிரிப்பு வரும். அவளே விரும்பினாலும் நிற்காது. கல்யாணத்தில் தாலி கட்டும்போது சிரித்தாள். குடியுரிமை விசாரணையின்போது அதிகாரி தாளைப் பார்த்தபடியே, "புருஷன் உயிரோட இருக்கிறாரோ?" என்று கேட்டார். அத்தான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா திரும்பி அவரை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான். அறையை விட்டு வெளியே கொண்டுவந்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லையாம். அதன் பிறகு கோப்பு நீண்ட நாள் அசையவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று அத்தான் நம்பினார்.

வீட்டில் எனக்குப் பிட்டும் மட்டிக் கறியும் காத்திருந்தன. மட்டி என்பது கிண்ணியாக் கடலில் கிடைக்கும் சிப்பி. தேங்காய்ப் பாலில் வேகவைத்து வைத்திருந்தாள். நம் ஊரில் குழம்பை மிளகாய் ஆளும். அங்கே தேங்காய் ஆள்கிறது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு தம்பலகாமத்து எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்று அத்தான் கவிழ்த்தே காட்டினார். அன்று அவர் பேசியதைவிட அதுதான் அதிகம்.

சமையலறை அங்கே குசினி, அழகு வடிவு, சீக்கிரம் கெதியா. அக்கா இதையெல்லாம் மூச்சுவிடுவதுபோலச் சொன்னாள். ஆனால் பிள்ளைகளைத் திட்டும்போது மட்டும் சுத்த இராமநாதபுரம்.

"வெள்ளிக்கிழமை கச்சேரியில" என்று அவள் சொன்னபோது, பாட்டுக் கச்சேரியும் வைத்துத்தான் குடியுரிமை கொடுப்பார்களோ என்று கேட்டுவிட்டேன். அரசாங்க அலுவலகத்துக்கு அங்கே கச்சேரி என்று பெயர். அதற்கும் ஒரு சிரிப்பு.

மறுநாள் முழுவதும் ஒத்திகை. மூத்தவள் கதிரையில் அதிகாரியாக உட்கார்ந்தாள். அக்கா வலக்கையை உயர்த்தி, இலங்கைக்கு உண்மையும் விசுவாசமுமாய் இருப்பேன் என்று ஆரம்பிப்பாள். இரண்டாவது வரிக்குள் உதடு நடுங்கும். மூன்றாவது வரியில் சிரிப்பு வெடிக்கும். அத்தான் முற்றத்தில் நின்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நாக்கைக் கடி, பாக்கியம்."

"கடிச்சால் எப்பிடிக் கதைக்கிறது?"

நான் என் நர்ஸ் மூளையைப் பயன்படுத்தி, கட்டை விரல் நகத்தை ஆள்காட்டி விரலில் அழுத்தச் சொன்னேன். விரல் சிவந்தது, சிரிப்பு நிற்கவில்லை. அப்போது மீன் கொண்டுவந்த காசீம் நானா வேலிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கிண்ணியாக்காரர், சொந்தமாக ஒரு பாய்மர வள்ளம் வைத்திருப்பவர். "தங்கச்சி, ஒரு கராம்பைக் கடவாயில வச்சுக்கங்க. சிரிப்பு வந்தாக் கடிங்க. ஒறைப்புக்குக் கண்ணால தண்ணி வரும். பாக்கிறவங்க பக்தி எண்டு நெனப்பாங்க" என்றார். கராம்பு என்றால் கிராம்பு. முயன்று பார்த்தோம். மூன்று வரி தாண்டியது.

அன்று சாயங்காலம் நானும் அக்காவும் கடற்கரைக்குப் போனோம். மணலைக் காலால் தோண்டி மட்டி பொறுக்கிக்கொண்டே கேட்டேன், ஊரிலிருந்து சுமந்து வந்த கேள்வி அது.

"இந்தியப் பிரஜை இல்லேன்னு எழுதிக் குடுக்கணுமாமே. உனக்கு வலிக்கலையாக்கா?"

அவள் நிமிரவில்லை. "அப்பா செத்த தந்தி வந்தோடன நான் ஓடி வந்தது இஞ்சதான். இந்தத் தண்ணியைப் பாத்து, அப்பா அப்பா எண்டு குளறினனான். இருட்டுற வரைக்கும் நிண்டன். வீட்டை போனாப் பிறகு இவர் மெல்லச் சொல்லுறார், பாக்கியம், இந்தியா அந்தப் பக்கம் இல்லை, எங்கட வீட்டுக்குப் பின்பக்கம் எண்டு. நான் பர்மாவைப் பாத்து அழுதிருக்கிறன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது இரண்டு பேர் முகமும் நனைந்திருந்தது.

"எழுதிக் குடுக்காமலே இவ்வளவு வருசமும் இந்தியா இல்லாமத்தானே இருந்தனான்? எழுதிக் குடுத்தால்தான்டி நான் அம்மாட்ட வரலாம்" என்றாள்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்படியே சொன்னால் போதும்.

வெள்ளிக்கிழமை காலை. அத்தானுக்கு முதல் நாள் மாலையே சீனன்குடாவில் வேலை முறை. அங்கிருந்து நேரே கச்சேரிக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அரக்குச் சுங்குடியும் கொண்டை நிறைய மல்லிகையுமாக அக்காவும் அவளுடைய கைப்பையுமாக நானும் துறைக்குப் போனோம். பஸ் நின்றது. வண்டிகள் நின்றன. ஆட்களும் சும்மா நின்றார்கள்.

"பாதை ஓடேல்லை. வடம் அறுந்திட்டுது" என்றார் ஒருவர்.

"எப்ப சரி வரும்?"

"பின்னேரம் எண்டு சொல்லுகினம். நாளைக்கெண்டும் சொல்லுகினம்."

கச்சேரியில் பத்து மணிக்கு இருக்க வேண்டும். இந்தத் தடவை தவறினால் அடுத்த அழைப்பு எப்போது என்று தெரியாது. அக்காவின் தங்கும் அனுமதியோ அந்த மாதத்தோடு முடிகிறது. நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

"என்ன கல்யாண வீட்டுக்கு வந்து நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? ஏறுங்க புள்ள!" தண்ணீரிலிருந்து குரல் வந்தது. காசீம் நானா வள்ளத்தைக் கரையோடு ஒட்டி நிறுத்தியிருந்தார். "ரோட்டு வழி வேணாம். கடலால நேர டவுனுக்கு விடுறேன். காத்து நல்லா ஈக்கி."

வள்ளத்தில் காலையில் பிடித்த மீன் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அக்கா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நான் இறங்கியது எப்படி என்று கேட்காதீர்கள். விழுந்தேன் என்பதுதான் உண்மை.

பாய் காற்றில் நிரம்பியதும் கரை பின்னால் ஓடியது. இராமநாதபுரத்துக் கடல் முழங்கால் ஆழத்தில் நெடுந்தூரம் போகும். இந்தக் கடல் இரண்டு அடியில் கறுத்துவிடுகிறது. ஒவ்வொரு அலைக்கும் அம்மாவின் சுங்குடி ஒரு வாய் தண்ணீர் குடித்தது. பச்சை மலைகள் இரண்டு பக்கமும் விலக, நாங்கள் துறைமுகத்துக்குள் நுழைந்தோம். பெரிய பெரிய கப்பல்கள் அசையாமல் நின்றன. அவ்வளவு அழகான இடத்தில் எனக்கு வந்த நினைப்பெல்லாம் மணி என்ன என்பதுதான்.

அப்போது கடற்படைப் படகு ஒன்று எங்களை நோக்கி வந்தது. அதில் நின்ற இளைஞன் கையை வீசிச் சிங்களத்தில் ஏதோ கத்தினான். காசீம் நானாவும் சிங்களத்தில் கத்தினார். பிறகு அவர் எனக்குச் சொன்ன மொழிபெயர்ப்பு இது.

"இந்தப் பக்கம் வரக்கூடாது என்று தெரியாதா? இது யாருடைய துறைமுகம் என்று நினைத்தாய்?"

"இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பெண்ணுடையதும்தான், மாத்தையா. குடியுரிமைச் சத்தியம் செய்யப் போகிறாள். பாதை அறுந்துபோச்சு. நீங்கள் திருப்பி அனுப்பினால் உங்கள் நாட்டுக்கு ஒரு ஆள் குறைவு."

இளைஞன் அக்காவைப் பார்த்தான். நனைந்த சேலை, சரிந்த மல்லிகை, மடியில் இறுக்கிப் பிடித்த செருப்பு. அக்கா அவனைப் பார்த்துக் கும்பிட்டாள். அவன் உள்ளே திரும்பி ஒரு வார்த்தை சொன்னான். ஒரு கயிறு பறந்து வந்து எங்கள் வள்ளத்தில் விழுந்தது. காசீம் நானா கட்டினார். அடுத்த நிமிஷம் கடற்படை எங்களை இழுத்துக்கொண்டு போனது. இறங்குதுறையில் கயிற்றை அவிழ்க்கும்போது அந்த இளைஞன் தெரிந்த தமிழில் சொன்னான்: "ஓடு, ஓடு, அக்கா!"

ஓடினோம். காசீம் நானாவும் கூட ஓடிவந்தார். "நீங்க மீனை விக்க வேணாமா?" என்றேன். "சிலோன்காரராக்கிறது எப்பிடியெண்டு நானும் பாத்ததே இல்ல. நான் பொறந்ததே அப்பிடித்தானே" என்றார்.

கச்சேரி வாசலில் அத்தான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். வடம் அறுந்த சேதி அவருக்கு வந்திருந்தது. எங்களைக் கண்டதும் நின்றார். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றும் நினைக்காமல் குனிந்து, அக்காவின் சேலை ஓரத்தைக் கையில் எடுத்துப் பிழிய ஆரம்பித்தார். தண்ணீர் படியில் சொட்டியது. பிழிந்து, உதறி, மடிப்பை நீவிவிட்டு, "வா" என்றார்.

மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு சிந்திக்காரர் கோட்டும் சூட்டுமாக முதல் வரிசையில் இருந்தார். அதிகாரிக்குப் போடுவதற்கு அவர் கொண்டுவந்த ரோஜா மாலையை வராந்தா மேசையில் வைத்திருந்தார். அதிகாரி கண்ணாடி போட்ட, களைத்த முகக்காரர். அவருக்குப் பின்னால்தான் வராந்தாக் கதவு, விரியத் திறந்திருந்தது.

பெயர் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்தாள். கன்னம் லேசாக உப்பியிருந்தது, கராம்பு. வலக்கை உயர்ந்தது. முதல் வரி சுத்தமாக வந்தது. இரண்டாவது வரியின்போது கதவில் ஒரு தலை தெரிந்தது.

கொம்பு முளைத்த ஆண் மான். வாயிலிருந்து சிந்திக்காரரின் ரோஜா மாலை தொங்கிக்கொண்டிருந்தது. அது உள்ளே ஓரடி வைத்து, அதிகாரிக்குப் பின்னால் நின்று, சபையைப் பார்த்து நிதானமாக மென்றது.

எல்லோருக்கும் தெரிந்தது, அதிகாரியைத் தவிர. சிந்திக்காரர் எழப்போய் உட்கார்ந்தார். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். அக்காவின் உதடு நடுங்கியது. அவள் கடித்தாள். கராம்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டதுபோல இருந்தது. கண்ணில் தண்ணீர் வழிய, குரல் உயர, ஒரு சொல்லும் விடாமல் மிச்சத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அதிகாரி நெகிழ்ந்துபோய், "இவ்வளவு உணர்ச்சியோட சொன்ன ஆளை நான் காணேல்லை" என்றார்.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. வெடித்துவிட்டாள். சபை முழுவதும் வெடித்தது. அதிகாரி திடுக்கிட்டுத் திரும்பினார். மானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அக்காவின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். சிந்திக்காரர் மாலை போன துக்கத்தில், கொண்டுவந்த இனிப்பையெல்லாம் அங்கேயே எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டார். அதிகாரிக்கு முன்பே காசீம் நானாவுக்கு இரண்டு கிடைத்தது.

துறைமுகத் தெருவில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். பால் விடாத தேநீர், பாண் என்று அங்கே சொல்லும் சூடான ரொட்டி, மிளகாய் இடித்த கட்டச் சம்பல். அக்கா சான்றிதழைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் உறையில் வைப்பதுமாக இருந்தாள். அத்தான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்.

"இனி நீ போகலாம், பாக்கியம்."

"எங்க?"

"கொம்மாட்ட." கோப்பையைத் தள்ளி வைத்தார். "போனால் திரும்பி வரலாம்."

இத்தனை வருஷமும் அவர் எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தை அவர் ஒரு நாளும் வெளியே விடவில்லை. அக்கா மேசைக்கு மேலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காசீம் நானா கடற்பக்கம் திரும்பி, காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

நான் ஊர் திரும்பி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மான் கதையை மட்டும் அவள் நம்பவில்லை.

அடுத்த தை மாதம் அக்கா புதுப் பாஸ்போர்ட்டோடு கப்பல் ஏறினாள். நானும் அம்மாவும் தனுஷ்கோடிக்குப் போய், தடுப்புக் கம்பிக்கு வெளியே காத்திருந்தோம். வெளிநாட்டவர் என்று எழுதிய பலகைக்குக் கீழே இரண்டு பிள்ளைகளோடு அக்கா நின்றாள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நம் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "இந்தியாவுல எங்கம்மா தங்கப் போறீங்க? விலாசம் சொல்லுங்க."

அக்கா கையை நீட்டி, கம்பிக்கு வெளியே காட்டினாள்.

"அந்தா நிக்கிறா."

அதிகாரி எட்டி அம்மாவைப் பார்த்தார். அதற்குமேல் எதுவும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார்.